நான்காவது டெஸ்க்டாப்

திரையின் அடியில் எல்லோருக்கும் மூன்று கட்டங்கள் இருந்தன. ஷார்ட்கட் சாருக்கு மட்டும் நான்கு.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்குப் புது சிஸ்டம் வந்து ஒன்பது நாளாகிறது. ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று டெஸ்க்டாப், கட்டத்துக்கு ஒன்று. ஒன்றில் கடிதம், ஒன்றில் புகார்ப் பட்டியல், மூன்றாவதில் மேலாளர் பார்க்கக் கூடாதவை. கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்துத் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். இதை ஆறு மேசைக்கும் சொல்லிக்கொடுத்தது மாற்றலாகி வந்த புது மேடம். ஷார்ட்கட் சார் அல்ல. வயிறு எரிவதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் ஃபில்டரின் பக்கவாட்டில் ‘இன்றைய குறிப்பு’ என்று தினமும் ஒரு சீட்டு ஒட்டியவர் அவர். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அறிவையும் ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போவார்கள். முதல் சீட்டு அவருக்கு இன்னும் மனப்பாடம்: ‘திறந்திருக்கும் விண்டோவைச் சட்டென்று மூட, ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எஃப்-நான்கைத் தட்டவும்.’ மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் அவர் வந்து நிற்பதற்கும் இடையே எத்தனை ரம்மி ஆட்டங்கள் அதனால் மானத்தோடு மறைந்திருக்கின்றன! இப்போது அந்த ஃபில்டரில் புது மேடத்தின் உருண்டைக் கையெழுத்து. பச்சை மை. ஓரத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

“உங்க டிப்ஸ்ல ஒண்ணு இதுலயும் வேலை செய்யுது சார். அந்த எஃப்-நாலு,” என்று நேற்று மேடம் சொன்னார், மற்ற டிப்ஸ் எல்லாம் செத்துப்போனதற்குத் துக்கம் விசாரிக்கிற குரலில்.

நான்காவது கட்டத்தைப் பற்றி மேடத்திடம் கேட்கலாம்தான். அதைவிட ராஜினாமா செய்யலாம். சார் யாரையும் கேட்காமல் நான்காவதுக்குத் தாவினார்.

சூடான பிளாஸ்டிக் வாடையும் சீட்டு ஒட்டும் பசையின் புளித்த நெடியும் ஒன்றாக மூக்கில் ஏற, சிபியூவின் விசிறி தொண்டையைக் கனைப்பதுபோல் ஒருமுறை நின்று மறுபடி சுற்ற, திரையில் வந்தது இதே அறை: இதே ஆறு மேசை, இதே ஃபில்டர், கூரை மூலையிலிருந்து பார்ப்பதுபோல். அந்த மூலையில் கேமரா எதுவும் இல்லை என்பதை அண்ணாந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். படத்தில் எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி நின்றார்கள். நடுவில், முதுகைக் காட்டி, இன்று காலை அவர் போட்டுக்கொண்டு வந்த அதே கட்டம்போட்ட சட்டையில், ஒருவன்.

அவன் எதையோ சொன்னான். அத்தனை பேரும் சிரித்தார்கள். சத்தமில்லாமல்.

பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

அப்போதுதான் ஃபில்டரில் இருந்த இன்றைய சீட்டு நினைவுக்கு வந்தது: ‘ஒரு விண்டோவை அடுத்த டெஸ்க்டாப்புக்கு அனுப்ப, அதே மூன்றோடு ஷிஃப்டையும் சேர்க்கவும்.’ மூன்றாவது டெஸ்க்டாப்பில் மேடத்தின் மெசேஜ் விண்டோ திறந்திருந்தது. ‘ஏதாவது உதவி வேணுமா சார்?’ சிரிக்கும் முகம்.

மூன்றாவதுக்குத் திரும்பி, நான்கு விசையையும் தட்டினார். விண்டோ வலப்பக்கமாக வழுக்கி மறைந்தது.

சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் மேடத்தின் நாற்காலி காலியாகவே இருந்தது.

“அக்கா, மேடம் எங்க?” என்று பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அக்காவிடம் கேட்டார்.

“எந்த மேடம்?”

“புது மேடம்க்கா.”

“நம்ம செக்‌ஷனுக்குப் புதுசா ஆள் போட்டு எத்தன வருஷமாச்சு! மதியம் நல்லா ஒரு பிடி பிடிச்சீங்களா சார்?”

அந்தச் சிரிப்பில் கலப்படம் இல்லை. சார் காலி நாற்காலியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். ஆனால், வெட்கத்தோடு சொல்ல வேண்டும், நெஞ்சின் ஓரத்தில் ஜில்லென்று ஓர் இதம். இனி ஃபில்டர் அவருடையது. உறுதி செய்துகொள்ள மறுபடி தாவினார்.

மேடம் அங்கே இருந்தார். அவன் பக்கத்தில், குனிந்து, எதையோ சுட்டிக் காட்டியபடி. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து தன் நாற்காலியை மேடத்துக்குக் கொடுத்தான். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு! மானங்கெட்டவன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மேடத்தைத் திருப்பி இழுக்கப் பார்த்தார். நான்கு விசையும் வலிக்க அழுத்தினார். விண்டோ அசையவில்லை.

நிமிர்ந்தபோது ஜன்னலோர மேசை காலி. படத்தில் கூட்டம் கொஞ்சம் நெருங்கியிருந்தது. ஒருமுறை கண்ணைக் கசக்குவதற்குள் இன்னொரு மேசையும். மேலாளரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது; வந்து சேரவில்லை.

“அக்கா, நீங்க எங்கயும் போகாதீங்க.”

“அங்க என்னமோ சொல்லித் தர்றாங்களாம் சார். பாத்துட்டு வந்துர்றேன்.” அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நீங்களும் வாங்களேன். எத்தன நாளைக்குத்தான் பழசையே கட்டிக்கிட்டு அழுவீங்க?”

“எங்க, அக்கா? எங்க?”

அக்கா இரும்பு பீரோவுக்குப் பின்னால் போனார். அங்கே சுவர் மட்டும்தான்.

வளையல் சத்தம். ஒரு முறை. பிறகு இல்லை.

விசிறி நின்றது. ஃபில்டருக்குள் ஒரு குமிழி ஏறி உடைந்தது. களுக். புதுப் பசையின் நெடி.

சார் எழுந்து போய்ப் பார்த்தார். ஃபில்டரில் புதுச் சீட்டு. பச்சை மை இல்லை. நீலம். கோணல் எழுத்து. அவருடைய எழுத்து.

‘இன்றைய குறிப்பு: திறந்திருக்கும் விண்டோவைச் சட்டென்று மூட.’

அவ்வளவுதான். எந்த விசை என்று எழுதவில்லை. தேவையில்லை.

ஓடி வந்தார். திரையில் எல்லோரும் அவன் மேசையைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். மேடம். மேலாளர். அக்கா. அவர்களுக்கு நடுவே ஒரு திரை. அதற்குள் ஒரு சின்ன அறை. ஆறு மேசை. ஒரே ஓர் ஆள். கட்டம்போட்ட சட்டை.

சார் தலையைத் தூக்கிக் கூரை மூலையைப் பார்த்தார்.

அந்தச் சின்ன ஆளும் தலையைத் தூக்கினான்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடம் முதுகைக் காட்டி இருந்தவனைத் தட்டிக்கொடுத்தார். அவன் இடது கட்டைவிரல் ஏற்கெனவே ஆல்ட்டின் மேல் இருந்தது. எல்லோருக்கும் தெரியும்படி, நல்ல வாத்தியாரைப்போல், மற்றொரு விரலை நிதானமாக எஃப்-நான்கை நோக்கி நீட்டினான்.