ஐம்பது வாட்டுக்கு ஒரு விரல்

செவ்வாய்க் குடியிருப்பில் காவல்படை காலைச் சோதனை முடித்துப் போனதும், வீட்டில் எல்லோரும் விரல்களை எண்ணிப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் காபி போடுவார்கள். அனுமதிக்கு மேல் எரியும் ஒவ்வோர் ஐம்பது வாட்டுக்கும் ஒரு விரல் என்பது அங்கே சட்டம். மூச்சுக்காற்றையே மின்சாரத்தால் தயாரிக்கும் ஊர் அது.

சென்ற வாரம் வீட்டுக்கொரு புதுக் கணினி கொடுத்தார்கள். அன்றிலிருந்து இரண்டாயிரம் வாட் காணவில்லை. தெருமுனையிலிருந்த ஊர் மின்மானியின் முள் சிவப்பிலேயே நின்றது. நண்பகலுக்குள் அது இறங்காவிட்டால் மருத்துவக்கூடத்துச் சுவாசக் கருவி தானாக நின்றுவிடும். அதில் ஏழு வயது ஆக்னஸ் படுத்திருந்தாள்.

காவல் தலைவன் சுடலையாண்டி கதவு கதவாக உடைத்தான். எல்லா வீட்டிலும் திரைகள் இருண்டிருந்தன. ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். ஆக்னஸின் அப்பா பிலவேந்திரன் மகளின் நாடித்துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏல, மவளக் கொல்லுதது நீதானா?"

"அண்ணாச்சி, இதுக்கு அனுமதி இருக்கு. மத்த வீட்டுப் பெட்டியத் தொட்டுப் பாருங்க..."

துப்பாக்கிக் கட்டை அவன் பற்களை நொறுக்கியது. கையைப் பலகையில் வைத்து அழுத்தினார்கள். கணக்குப்படி நாற்பது விரல். அவனிடம் இருந்தது பத்து. முதல் விரல் தெறித்து விழுந்தது. முள் அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. விரலை வெட்டினால் மின்சாரம் எப்படி மிச்சமாகும் என்று கூடி நின்ற அக்கம்பக்கத்தார் ஒருவரும் கேட்கவில்லை.

பிலவேந்திரனின் மனைவி ஜெபமணி அலறிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் பாய்ந்தாள். அது சுடலையாண்டியின் வீடு. இருண்ட திரைக்குக் கீழே, மேசையடியில் இருந்த கணினிப் பெட்டியில் கைவைத்தாள். பெட்டி சுட்டது. கம்பியைப் பிடுங்கினாள். வெளியே முள் சற்று இறங்கியது.

"தெரையத்தான அணைச்சிருக்கிய! பெட்டி ஓடிக்கிட்டுல்லா கெடக்கு, பாவி!"

"இருட்டால்லா இருந்துச்சு..." என்றான் சுடலையாண்டி. கத்தியைப் பலகையில் வைத்தான்.

கூட்டம் கலைந்து வீடுகளுக்கு ஓடியது. ஐந்தே நிமிடத்தில் முள் பச்சைக்கு வந்தது. ஆக்னஸின் மூச்சு நிற்கவில்லை. பலகையில் மூன்று விரல்கள் கிடந்தன.

சட்டப்படி மற்ற நாற்பது வீடுகளும் வீட்டுக்கு ஒரு விரல் தர வேண்டும். பிற்பகலில் ஊர்ச்சபை கூடிச் சட்டத்தைத் திருத்தியது: எல்லோரும் செய்வது குற்றமாகாது.

அறிவிப்பு எல்லாக் கணினிகளுக்கும் வந்தது. ஆக்னஸ் இன்னும் கருவியில்தான் இருந்தாள். நாற்பது வீட்டாரும் அறிவிப்பை இரண்டு முறை படித்தார்கள். பிறகு நிம்மதியாகத் திரையை மட்டும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.