குருசாமியின் பதில்

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில், லேசர் அறையின் பூட்டைக் கனகலட்சுமி திறந்தபோது காலை பதினோரு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி, கும்மிருட்டு. இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த தூசி நெடி மூக்கில் ஏறியது. இன்றைக்கு ஒரே ஒரு அளவீடு எடுத்துவிட்டால் அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சி முடிந்தது.

அந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அவள் கரைசலில் மாதக்கணக்காய் வளர்த்தெடுத்த படிகத்துக்குள் புகுந்தால், மறுபக்கம் பச்சையாக வெளியே வரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். தெரியாத ஒளிதான் பொல்லாதது, ஒரு நொடியில் கண்ணைத் தின்றுவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம். லேசரை இயக்கும் சாவிப் பக்கம் நிற்பவர் "போடுதேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். படிகத்தருகே நிற்பவர் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சாவியைத் திருப்பவே கூடாது.

ஆய்வக உதவியாளர் குருசாமியின் பதில் எப்போதும் ஒன்றுதான். "போடு தாயி."

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் இவளுக்கு அவசரம். குரல் கொடுத்தாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியிருந்த மனிதருக்கு வலது கண் போனது. பதினைந்தாம் நாள், வலப்பக்கம் வந்த லாரி தெரியாமல் ராஜபாளையம் ரோட்டில் உயிரும் போனது. விசாரணையில் பாவி மகள் வாய் கூசாமல் சொன்னாள், அவர் பதில் சொன்னார் என்று. அஜாக்கிரதையான ஆள் என்று எழுதி முடித்தார்கள். அவர் மனைவி அன்னக்கிளி மட்டும் கல்லூரி வாசலில் நின்று, கண்ணாடி மாட்டாமல் அந்த மனுசன் பதில் சொல்லவே மாட்டார் என்று அழுதாள்.

கனகலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவிப் பக்கம் போனாள். பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது.

"அண்ணாச்சி, போடுதேன்."

சொன்ன பிறகுதான், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை என்பது உறைத்தது.

குருசாமி எப்போதும் மெல்லும் புகையிலையின் வாசனை வந்தது.

"போடு தாயி."

படிகத்தின் பக்கமிருந்து, மெதுவாக.

அவள் சாவியைத் தொடவே இல்லை. ஆனால் படிகத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவள் மாட்டியிருந்த கண்ணாடி பச்சையை உள்ளே விடாது. இருந்தும் தெரிந்தது. அது மெல்ல உயர்ந்து, ஓர் ஆளின் வலது கண் இருக்கும் உயரத்தில் நின்றது.

"நீங்க சொல்லல, அண்ணாச்சி," என்று அழுதாள். "நான்தான் பொய் சொன்னேன்."

பச்சை அணைந்தது.

விழுந்தடித்து ஓடி, துறைத்தலைவர் நஜ்முதீனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இனி மாத்திச் சொன்னா உன் பட்டமே போயிரும். மறந்துரும்மா."

கனகலட்சுமி தலையாட்டினாள். அப்போது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. விளக்கைப் போட சுவிட்சில் கை வைத்தாள். வாயைத் திறக்கவே இல்லை.

"போடு தாயி" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது.