உயிருடன் விடப்பட்டது

அந்த வெள்ளிக்கிழமை மதியம், பலாபத்வலக் கடைத்தெருவின் மாடிக் கந்தோரில் இருந்தவர்கள்: மஸீஹா. அவளுடைய மேலதிகாரி நிருஜன். கணினித் திரையில் ஓர் ஆமை.

கடலைப் பார்க்க இங்கிருந்து பல மணிநேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஆனாலும் மஸீஹாவின் வேலை கடல்தான். மீன்பிடிப் படகுகளின் கெமராப் பதிவுகளை வேகமாக ஓட்டிப் பார்த்து, தூண்டிலில் தவறிச் சிக்கிய ஆமைகளைக் குறிப்பாள். சட்டம் பாதுகாக்கும் உயிர்கள் அவை. அசைந்தால் ‘உயிருடன் விடப்பட்டது’. அசையாவிட்டால் ‘இறந்தது’.

இந்த ஆமையின் துடுப்பு அசைந்தது. மெதுவாக ஓட்டினாள். ஆடியது படகு. பக்கத்தில் இருந்த வாளியும் அதே போலத்தான் ஆடியது.

“சேர், இது செத்துப்போனது. படகு ஆடுறதாலதான் அதுட கை ஆடுது.”

“ஆடுதுதானே? பிறகென்ன, உயிரோட எண்டு போடும்.” நிருஜன் சிரித்தான். “செத்ததெண்டு போட்டா படகுக் கொம்பனி இந்த வேலைக்கு வேற ஆக்களைப் பிடிக்கும். பிறகு ரெண்டு பேரும் றோட்டில வடை விக்கலாம்.”

“எனக்கு வடை சுடத் தெரியாது சேர்.”

“அப்ப போடும்.”

போட்டாள்.

பின்னறையில் யாரோ மூச்சு விட்டார்கள்.

நீருக்குள் நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு. பிறகு அழுகிய உப்பு வாடை. கீழே கருவாட்டுக் கடை உண்டு. ஆனால் இது காய்ந்த வாடை அல்ல, ஈர வாடை.

“ஏசித் தண்ணி ஒழுகுதாக்கும்.” நிருஜன் எழுந்து உள்ளே போனான். பதிவுகளை அடுக்கி வைக்கும், ஜன்னல் இல்லாத அறை அது.

“மஸீஹா...” குரல் தாழ்ந்து வந்தது. “இங்க ஒரு ஆமை கிடக்குது.”

“உசிரோடயா, சேர்?”

“தெரியேல்ல. தரை ஆடுது.”

நனைந்த எதுவோ சிமெந்தில் இழுபட்டது.

இன்னொரு மூச்சு.

இன்னொன்று, வேறு மூலையிலிருந்து.

“நிறையக் கிடக்குது... பதிவை மாத்தும். செத்ததெண்டு மாத்தும், கெதியா!”

மவுஸைப் பிடித்தாள். ஒன்றைத் திருத்தினால் முந்தியவற்றையும் தோண்டுவார்கள். எத்தனை ஆமைகளை இப்படி உயிரோடு வைத்திருக்கிறாள்! எல்லாம் அவள் கையால் போட்டவை. நிருஜன் வாயால் மட்டும்தான் சொன்னான்.

கையை எடுத்துவிட்டாள்.

எழுந்து பின்னறை வாசலுக்குப் போனாள். இருட்டில் நிருஜன் குப்புறக் கிடந்தான். வாசலை நோக்கி நீண்டிருந்த அவன் கை மேலும் கீழும் அசைந்தது. அவன் அசைத்தானா, தரை அசைத்ததா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

கதவைச் சாத்தி, அவனை உள்ளே விட்டுப் பூட்டினாள்.