பாதி வரிசையில் நின்ற ஸ்வெட்டர்

காலை எட்டு மணி. மகளிர் மரபுக் கழகத்தின் புதிய கிளைக்குப் பத்து மணிக்குத் திறப்பு விழா. கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்த குட்டி ஸ்வெட்டரைக் காணோம்.

கிளைச் செயலாளர் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்ட அம்மா, அவளுக்காகப் பின்னியது அது. வலி வந்ததும் அம்மா பாதி வரிசையில் போட்டுவிட்டுப் போனபடியே, இரண்டு ஊசிகளோடு மகள் காத்து வைத்திருந்தாள். அம்மா கைபட்டது என்று அவளிடம் வேறு எதுவும் இல்லை.

கழகத் தலைவி ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். ரிப்பன் வெட்ட வந்தவர் விசாரணையில் இறங்கிவிட்டார்.

"காலையில உள்ள வந்தது யாரு?"

"நானும் சித்தியும்தான் மேடம்," என்றாள் பக்கத்துக் கடைத் தையல்காரி. "அவங்க தூசி தட்டினாங்க, நான் மேஜை விரிப்பு போட்டேன்."

செயலாளரை வளர்த்த சித்தி தலையை மட்டும் ஆட்டினார். எல்லார் பார்வையும் தையல்காரி மேல்.

"ஊசி நூல்னா உடனே நானா? நல்லா இருக்கே நியாயம்!"

எட்டே முக்காலுக்கு, மிச்ச விரிப்புகளுக்கு அடியில் ஸ்வெட்டர் கிடைத்தது. அப்பாடா என்றார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் முந்தின நாள் போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நேத்து ரெண்டு ஊசியிலயும் நூல் கண்ணி இருக்கு, பாதி வரிசைன்னா அப்படித்தான். இன்னைக்கு எல்லாம் ஒரே ஊசியில. யாரோ வரிசையை முடிச்சிருக்காங்க. உனக்குப் பின்னத் தெரியுமா?"

"சுட்டுப்போட்டாலும் வராது மேடம். எனக்கு மெஷின்தான்."

இன்ஸ்பெக்டர் செயலாளரிடம் திரும்பினார். "நீ கண்ணைத் துடைக்கிறியே, அந்தச் சால்வை யார் பின்னினது?"

"சித்தி..." என்றவள் அப்படியே நின்றாள்.

"பின்னத் தெரிஞ்சவங்க பாதி வரிசையைப் பாத்துட்டுச் சும்மா இருக்க மாட்டாங்கம்மா."

சித்தி உடைந்துபோனார். "தூசி தட்டும்போது ஒரு கண்ணி நழுவியிருந்துச்சு. விட்டா மொத்தமும் பிரிஞ்சிடும். ஏத்தி விட்டேன், அப்புறம் கை நிக்கல. முடிச்சப்புறம்தான் உறைச்சுது. உங்கம்மா விட்ட இடத்தை அழிச்சிட்டேனேடி! உன் முகத்துல எப்படி முழிப்பேன்னு ஒளிச்சு வெச்சேன்."

செயலாளர் கம்பளியை விரலால் தடவிப் பார்த்தாள். அம்மா எங்கே நிறுத்தினாள், சித்தி எங்கே தொடங்கினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஸ்வெட்டருக்கு இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு சித்தி. இங்கேயே உக்காந்து பின்னு. வர்றவங்க உன்னையும் பாக்கட்டும்."

"என்னையும் காட்சிப் பொம்மையாக்கிட்டியா?" சித்தி அழுதுகொண்டே ஊசிகளை வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள்.

"இருங்க," என்றார் சித்தி, நிமிராமல். "வரிசை முடியட்டும்."

எல்லாரும் காத்திருந்தார்கள்.