காலியாக இருந்த நான்காவது துளை

நான் தங்கை வீட்டுக்குப் போனது ஒரு மழை நாளின் பிற்பகல். எதையும் வரிசையாகச் செய்துதான் எனக்குப் பழக்கம். குடையை மூலையில் விரித்து வைத்தேன், காலைத் துடைத்தேன், பிறகுதான் வாங்கி வந்த சின்னப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தேன்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வாய்விட்டுக் கூப்பிடத் தெம்பில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்குவார். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று இந்தப் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளறையில் அவரைப் படுக்கவைத்து, கால்மாட்டில் ஒரு கேமராவை வைத்திருந்தாள் தங்கை. படம் கூடத்து டிவியில் வரும். அதைப் பார்த்துக்கொண்டே தையல் மிஷினில் வேலை செய்வாள்.

வீட்டுக்காரர் விட்டுப்போன அந்த டிவியில் ஒயர் சொருக இரண்டே துளைகள். ஒன்றில் முன்பு குடியிருந்தவர்கள் எதையோ உள்ளே முறித்து வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றில்தான் கேமரா, கேபிள் பெட்டி, வீடியோ பிளேயர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொருகினாள். முந்தாநாள் அவள் கேபிளில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே அவர் கையைத் தூக்கித் தூக்கி மயங்கியே போயிருக்கிறார்.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. இதிலிருந்து டிவிக்கு ஒரே ஒயர். பின்னால் நான்கு துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. எந்தக் கருவி விழித்துக்கொள்கிறதோ, திரை தானாக அதற்குத் தாவிவிடும். நாமே மாற்றிக்கொள்ள முன்னால் பொத்தானும் உண்டு.

"இத்தனை வாலு எந்தக் குரங்குக்கும் கிடையாதுண்ணா" என்றாள் தங்கை, ஒயர்களைப் பார்த்து.

"வாலைப் பிடிச்சு இழுக்காம இரு. அதுவே போதும்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் காற்றுக் குரல் வந்தது. "மச்சான்... என் மூஞ்சியவே எவ்வளவு நேரம் பார்ப்பா அவ? நல்ல படமாப் போட்டு விடுங்க."

ஒன்றில் கேபிள், இரண்டில் வீடியோ பிளேயர், மூன்றில் கேமரா. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துச் சரி என்று திருப்திப்பட்டேன். கேமராவில் மாப்பிள்ளை கண்ணயர்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காலி ஸ்டூல். தங்கை பாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

திரை தாவியது.

நான்காவது விளக்கு எரிந்தது.

குனிந்து பின்புறம் பார்த்தேன். நான்காவது துளையில் எதுவும் இல்லை. விரலை வைத்தேன். ஈரச் சாக்கின் வாடை வந்தது, உலோகம் சில்லென்றிருந்தது.

"அண்ணா" என்றாள் தங்கை மெதுவாக. "நர்ஸ் எப்போ வந்தாங்க?"

திரையில் அதே அறை, அதே கட்டில், அதே தூக்கம். ஸ்டூலில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த கூந்தல் தரையில் கிடந்தது. அவள் கை மாப்பிள்ளையின் மார்பின்மேல்.

பொத்தானை அழுத்தி மூன்றுக்கு மாற்றினேன். ஸ்டூல் காலி.

நான்கு. இருந்தாள்.

உள்ளே ஓடினேன். அறையில் யாரும் இல்லை. மாப்பிள்ளையின் மூச்சு மட்டும், பாரத்தைச் சுமப்பவர் மூச்சைப்போல, இழுத்து இழுத்து வந்தது. அவர் மார்பின்மேல் வெறுங்காற்றைத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

அறையில் நின்றால் அவள் தெரியமாட்டாள். டிவி முன் நின்றால் தெரிவாள், தொட முடியாது.

"நீ அங்கேயே நின்னு பார்த்துச் சொல்லு. நான் இவர்கூட இருக்கேன்!" என்று கத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.



"என்னம்மா தெரியுது?"

"அண்ணா..." அவள் குரல் உடைந்திருந்தது. "எழுந்திரிண்ணா. நீ அவ மடியில உக்காந்திருக்கே."

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. தங்கையைக் கூப்பிட்டேன். கட்டிலில் இருந்த போர்வையை உதறித் தள்ளிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சோபாவில் சாய்த்தோம். வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தார். மூச்சு சீரானது. தங்கை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏண்டி, உசுரோடதானே இருக்கேன்" என்றார்.

அப்போதுதான் நான் திரையைப் பார்த்தேன்.

அந்த அறையில், அந்தக் கட்டிலில், மாப்பிள்ளை இன்னும் படுத்திருந்தார்.

இங்கே தங்கையின் மடியிலும் இருந்தார்.

அந்தப் பெண் குனிந்து, கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்தாள். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல் பதமாக, முழங்கால், இடுப்பு, மார்பு என்று மேலே ஏற்றினாள்.

"மச்சான்," என்றார் சோபாவில் இருந்தவர். "யாரு போர்வைய இழுக்கறது? புழுங்குது."

அவர்மேல் போர்வை இல்லை. தங்கை அவர் மார்பையும் கழுத்தையும் பரபரவென்று தடவினாள். எடுத்துப் போட எதுவும் கிடைக்கவில்லை. எழுந்து ஓடி, டிவியில் தெரிந்த அந்தப் போர்வையை நகத்தால் பிறாண்டினாள். கண்ணாடி கீச்சிட்டது.

கோளாறான எந்தக் கருவிக்கும் செய்வதையே நான் செய்தேன். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

திரை அணைந்தது. பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன.

"இப்ப எப்படி இருக்குங்க?" என்றாள் தங்கை.

அவர் முகவாயைக் கஷ்டப்பட்டு மேலே தூக்கிக்கொண்டார்.

பிளக்கைத் திரும்பச் சொருகினேன். ஒன்றில் பாட்டு வந்தது. மூன்றில் வெறும் கட்டில். நான்கை அழுத்தினேன். சிக்னல் இல்லை என்றது திரை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதையே சொன்னது.

"நிறுத்திட்டாளா அண்ணா? பார்த்துச் சொல்லேன்..."

நீலத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் சோபாவில் மாப்பிள்ளையின் குரல், துணி வழியாக வருவதுபோல் கேட்டது.

"வாய் வரைக்கும் வந்துடுச்சு மச்சான்."