தவளைகள் வாயை மூடவில்லை

கரைமேல் டார்ச் வெளிச்சம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. தவளைகள் மட்டும் வாயை மூடவில்லை.

கட்டுப்போட்ட காலை நீட்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்த பேண்டு மாஸ்டருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊர்ப்பட்ட டிரம்பெட்டுகளை மேய்த்து ஓய்வுபெற்ற காது; ஒரு தவளை அரைச் சுருதி இறங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய அப்பா மண்ணுக்கடியில் குழாய் புதைத்து, வடித்து, வயலாக்கிய சதுப்பு இது. ஏன் வடித்தார் என்று கேட்டால் அப்பா எழுந்து போய்விடுவார். ஓய்வுபெற்ற கையோடு இவர் அந்தக் குழாய்களை உடைத்து, வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் திரும்ப அழைத்தார். கோரை வந்தது, நாரை வந்தது, உலகத்துத் தவளையெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து குடியேறியது. மதகில் இன்னொரு பலகை போட்டால் வாத்தும் வரும் என்று மனைவியை நச்சரித்தார்.

"வாத்து வருதோ இல்லையோ, தண்ணி நம்ம கட்டிலுக்கு வரும்," என்று சிரித்தபடிதான், இருட்டுமுன் போட்டுவிட்டு வரக் கிளம்பினாள்.

காலடி விழும் இடத்தில் தவளைகள் கப்சிப். காதை வைத்தே அவள் எங்கே நடக்கிறாள் என்று அவர் சொல்லிவிடுவார். இன்றும் அந்த மௌனம் நாய்க்குட்டிபோல அவள் கூடவே போய், கோரைக்கு அப்பால் மதகருகே நின்றது.

இப்போதும் அங்கேதான் நிற்கிறது.

டார்ச் நெருங்கியது. நெடுநாள் மூடிக்கிடந்த சேற்றின் வாடை, அழுகிய வேரின் வாடை, அதற்கடியில் அவளுடைய சோப்பு வாடை. கரையின் இருபுறமும் தவளைகள் தொண்டை கிழியக் கத்தின.

"பலகை போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சுங்க."

வாழ்நாளெல்லாம் சுருதி சேராத குரல் அவளுடையது. எத்தனை கிண்டல் செய்திருப்பார். இப்போது சேர்ந்திருந்தது. தவளைகளின் சுருதியோடு.

படிக்குக் கீழே ஒரு தவளை. அதை ஒட்டி ஈரப் பாதம் பதிந்தது. அது கத்திக்கொண்டே இருந்தது.

டார்ச் அணைந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட காலின்மேல் ஒரு கை. சில்லென்று.

அவர் திரும்பவில்லை. மதகுப் பக்கமே காதை வைத்திருந்தார்.

அங்கே, மௌனத்தின் ஓரத்தில், ஒரு தவளை தொடங்கியது. பிறகு இன்னொன்று. மௌனம் சுருங்கியது. ஓர் ஆள் அளவு. ஒரு தலை அளவு. ஒரு கை அளவு.

பிறகு அங்கேயும் தவளைகள் கத்தின.