மேகத்தின் தலை சாய்ந்த பக்கம்

"மேலே காத்து எப்படி இருக்கும் சித்தி?"

"கீழ ஒரு காத்து, மேல ஒரு காத்து. பல நாள் ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நீயும் உன் அண்ணனும் மாதிரி."

"அப்போ இடிமேகம் யார் பேச்சைக் கேக்கும்?"

"மேல் காத்து பேச்சைத்தான். அது தள்ளுற பக்கம் போகும்."

விமானம் ஓட்டும் சித்தி போன கோடையில் சொன்னது இது. அன்றே இன்னொன்றும் கேட்டிருக்கலாம், தன்னையும் ஒருமுறை மேலே கூட்டிப்போகச் சொல்லி. வீட்டில் எல்லாருடைய காதையும் துளைத்து வாயாடி என்றே பெயர் வாங்கியவளுக்கு, அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை.

இன்று மதியம் சித்தியின் குட்டி விமானம் விமானத் திடலில், வெட்டவெளியில் நின்றது. தூரத்தில் கருமேகம் மலைபோல் எழுந்திருந்தது. சித்தி அலுவலக அறையில் வானிலைத் தகவலுக்காகக் காத்திருந்தாள்.

காற்றடிக்கும் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை மேகத்தை நோக்கி நீண்டு படபடத்தது. மெக்கானிக் மாமா அதைப் பார்த்தபடி சாவகாசமாகக் கையைத் துடைத்தார்.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது. மேகத்தை விரட்டிடும். விமானம் இங்கயே நிக்கட்டும்."

வாயாடியும் தலையாட்டினாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். ஆட்டிய தலை அப்படியே நின்றது.

மேகத்தின் உச்சி தட்டையாகப் பரந்து, அதன் வெள்ளை ஓரம் அவர்கள் தலைக்கு மேலேயே வந்திருந்தது.

"மாமா, அதோட தலை நம்ம பக்கம் சாஞ்சிருக்கு. அது போகல, வருது."

"எதிர்க்காத்துல எப்படிம்மா வரும்?"

"இது கீழ் காத்து. மேகம் இதைக் கண்டுக்கவே கண்டுக்காது."

மாமாவும் அண்ணாந்து பார்த்தார். ஆலங்கட்டி விழுந்தால் இறக்கை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இருவரும் விமானத்தைக் கொட்டகைப் பக்கம் தள்ளத் தொடங்கினார்கள்.

பாதி வழியில் சித்தி ஓடி வந்தாள். "பலூன்ல அனுப்பின கருவி சொல்லிடுச்சு, மேல் காத்து நம்ம பக்கம்தான்... அட, உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க வாயாடிதான்," என்றார் மாமா.

மூவரும் விமானத்தைக் கொட்டகைக்குள் சேர்த்தார்கள். காற்றுப்பை சட்டென்று துவண்டு தொங்கியது. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி விறைத்தது. பகல் இருட்டியது. தகரக் கூரைமேல் ஆலங்கட்டி கொட்டியது.

"நான் காத்துப்பையை நம்பி ஏமாந்திருப்பேன்," என்றார் மாமா.

"முதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன் மாமா."

மழை ஓய்ந்ததும் வெளியே வந்தார்கள். தாண்டிப்போன மேகம் வெயிலில் உச்சிவரை பொன்னாக மின்னியது. அவ்வளவு பெரிய மலையைக் கண்ணுக்கே தெரியாத காற்று ஓசையின்றி நகர்த்திக்கொண்டிருந்தது. வாயாடி வாய் மூட மறந்து நின்றாள்.

"என்னடி, உனக்குக்கூடப் பேச்சு நின்னுபோச்சா?" என்றாள் சித்தி.

"சித்தி," என்றாள் அவள், மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு தடவை என்னையும் மேல கூட்டிட்டுப் போறியா?"